ஏழு விசிறியும் ஓர் ஊதுபத்தியும்

கீழ் வீட்டு மாமி ஒரு நாள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். கையில் எவர்சில்வர் தூக்கு. திறந்து காட்டினாள். உள்ளே வறுத்த மிளகாயும் மல்லியும் கமகமவென்று மணத்தன.

"உங்காத்திலே மிஷின் வாங்கியிருக்காப்போல இருக்கே! தினம் ராத்திரி ஓடற சத்தம் கேக்கறது. எனக்கும் இதை ஒரு சுற்று அரைச்சுக் கொடுத்துடேன்" என்றாள்.

சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மாமியை உள்ளே அழைத்துப்போய்ச் சாட்சாத் அந்த மிஷினையே காட்டினேன். முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே ஏழு விசிறிகள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஜொலித்துக்கொண்டு சுற்றின. நவராத்திரிக் கொலுவுக்குச் சீரியல் விளக்குப் போட்டதுபோல் இருக்கும். மாமி மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

"பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. அதுக்கு ஏன் இப்படி ஓர் இரைச்சல்?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்தக் கம்ப்யூட்டர் என் பிள்ளையுடையது. கல்லூரியில் படிக்கிறான். விளையாடுவதற்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த யந்திரம். அதன் விலையில் பாதியை அவன் விடுமுறையில் வேலை செய்து சேர்த்தான். மறுபாதியைக் கொடுத்தது என் மாமியார். மாமனார் ரயில்வேயில் இருந்தவர். அவர் காலத்துக்குப் பிறகு வரும் குடும்பப் பென்ஷனில் அம்மா சிறுகச் சிறுகப் போட்டு வைத்திருந்த ஒரு டெபாசிட்டை முறித்து, "குழந்தை ஆசைப்படறான்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எங்களுடையது இரண்டு படுக்கையறை கொண்ட பிளாட். ஓர் அறையில் பேரன் மேஜை; அதே அறையில் திரைக்கு அந்தப் பக்கம் பாட்டியின் கட்டில். ஆக, யாருடைய பணத்தில் அந்த யந்திரம் வந்ததோ, அவருடைய தூக்கத்தையே அது தின்ன ஆரம்பித்தது! அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துக்கொள்வார்.

சித்திரை பிறந்தது. சென்னையில் கத்திரி வெயில் தொடங்கும் முன்பே யந்திரத்துக்கு மயக்கம் வர ஆரம்பித்துவிட்டது. நடு ஆட்டத்தில் படக்கென்று அணைந்துவிடும். பிள்ளை தலையில் கை வைத்துக்கொள்வான். "அம்மா, தண்ணீரில் குளிர வைக்கிற கூலர் ஒன்று இருக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய்தான்" என்றான். "வந்த விலைக்கு விற்றுத் தொலை" என்றார் இவர். இந்த ரகளைக்கு நடுவே மாமியார் பரண்மேல் இருந்த பெட்டியைக் காட்டி, "அதைக் கொஞ்சம் இறக்கிக் கொடு. திருச்சியிலே பெண்ணோடு கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றார்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் முகம் சுண்டிப் போயிற்று. அன்று ராத்திரி முழுவதும் அவன் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. பெட்டியை நான் இறக்கிக் கொடுக்கவும் இல்லை.

*

மறுநாள் அவனை உட்கார வைத்து விசாரித்தேன். "ஏண்டா, ஏழு விசிறி இருந்துமா இதற்குச் சூடு தாங்கவில்லை? அப்படி என்ன அடுப்பு எரிகிறது உள்ளே?"

அவன் சொன்னது இது. கம்ப்யூட்டருக்குள் போகும் மின்சாரம் அநேகமாக அத்தனையும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வருகிறது. கணக்குப் போடும் பிராசஸர் ஒன்று. படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று. சூடு அதிகம் கிளப்புவது இரண்டாவது ஆசாமி. அவனிடம் இருக்கும் ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டுக்கு மட்டும் 200 வாட். மற்றதெல்லாம் சேர்ந்து, மும்முரமாக விளையாடும்போது ஏறக்குறைய 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பு ஞாபகம் இருக்கிறதல்லவா? கையால் தொட்டால் சுட்டுவிடுமே, அது. அதில் மூன்றை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எரிய விட்டுக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்?

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாகப் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அதன் மின்சாரப் பெட்டியின் மொத்தத் திறனே 63.5 வாட்தானாம். அதற்குள் இருந்த ஒரே ஒரு விசிறி போதுமாக இருந்தது. இன்று ஒரு கார்டே அதைப்போல மூன்று மடங்கு கேட்கிறது.

சரி, 300 வாட் சூட்டை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும்? பெட்டிக்குள் நுழையும் காற்று வெளியே வரும்போது 10 டிகிரி மட்டும் சூடேறியிருக்க வேண்டுமானால், வினாடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும். ஒரு குடம் 15 லிட்டர் என்றால், வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் குடம். சொல்லும்போது பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் 12 சென்டிமீட்டர் விசிறிகள் இரண்டு மூன்று இருந்தால் அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடக்கூடிய வேலைதான். எங்கள் வீட்டிலோ ஏழு இருந்தன. ஏழும் தலைதெறிக்கச் சுற்றின. அப்படியும் பிராசஸர் 93 டிகிரியைத் தொட்டது. சூடு அளவு மீறினால் அது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் உயிர் பிழைப்பதற்காக அணைந்துவிடும். எங்கள் யந்திரத்தின் மயக்கத்துக்கு அதுதான் காரணம்.

அப்போதுதான் எனக்குச் சமையலறை ஞாபகம் வந்தது.

போன வருஷம் எங்கள் சமையலறையில் புகைபோக்கி விசிறி மாட்டினோம். புறாத் தொல்லைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்தி, விசிறியைப் போட்டால் தாளித்த புகை அப்படியே கூரையடியில் நிற்கும். அதுவும் போதாதென்று தொட்டிச் சாக்கடை நாற்றம் வேறு குழாய் வழியே மேலே ஏறி வரும். விசிறி கெட்டுப்போய்விட்டது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. ஜன்னலை நாலு விரற்கடை திறந்தார். புகை சுருட்டிக்கொண்டு ஓடிற்று. "அது காத்தை வெளியே தள்ளணும்னா, உள்ளே காத்து வரணும் இல்லீங்களா? நீங்க வழி விடலேன்னா அது சாக்கடை வழியா இழுக்கும்" என்றார். அன்று அவருக்கு ஒரு காபியோடு கணக்கு முடிந்துவிட்டது.

"உன் பெட்டிக்கு எது ஜன்னல்? எது புகைபோக்கி?" என்று பிள்ளையைக் கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான்.

பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தேன். "அம்மா! கம்ப்யூட்டருக்குத் தீபாராதனையா?" என்று அவன் கேலி செய்தான். ஊதுபத்தியை ஒவ்வொரு விசிறிக்கும் வெளியே பிடித்துப் பார்த்தோம். பின்பக்க விசிறி ஒன்று: புகை வெளியே அடித்தது. சரி. மேலே மூன்று: அங்கும் புகை வெளியே. இருக்கட்டும். பக்கச் சுவரில் மூன்று: அங்கும் வெளியே! ஆக ஏழு பேரும் வாசலில் நின்று காற்றைப் போ போ என்று விரட்டுகிறார்கள். உள்ளே வா என்று அழைக்க ஒருவர்கூட இல்லை. அப்படியானால் உள்ளே போகும் காற்று எது? பெட்டியின் பின்னால், கார்டுகள் சொருகும் இடத்து இடுக்குகளில் ஊதுபத்தியைக் கொண்டுபோனேன். புகை விறுவிறென்று உள்ளே இழுபட்டது. பின்பக்க விசிறி அப்போதுதான் வெளியே துப்பிய சூடான காற்றையே, பக்கத்து இடுக்கு வழியாகப் பெட்டி மறுபடியும் குடித்துக்கொண்டிருந்தது!

பிள்ளையின் கேலி நின்றுவிட்டது.

*

இந்தக் கோளாறு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பூட்டிக் கொடுத்த கடைக்காரர் அழகை உத்தேசித்துச் செய்த காரியம் அது. சாதாரண விசிறிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் இலைகள் மட்டும் தெரியும், அழகான பக்கம். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் நாலு கைகள் குறுக்கே போகும். காற்று அழகான பக்கத்தில் நுழைந்து, கைகள் உள்ள பக்கத்தில் வெளியேறும். (சில விசிறிகளின் விளிம்பில் அம்புக்குறியே போட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடி இருந்தால் பார்க்கலாம்.) கண்ணாடி வழியே பார்ப்பவர் கண்ணுக்கு ஏழும் அழகாகத் தெரிய வேண்டும் என்று அவர் ஏழின் முகத்தையும் உள்பக்கம் பார்த்து மாட்டிவிட்டார். ஆகவே ஏழும் உள்ளே உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறிகள் ஆகிவிட்டன.

முன்பக்கம் கம்பி வலை உள்ள சாதாரணக் கேபினெட்டாக இருந்தால் இந்த வம்பு இல்லை. முன்னால் இரண்டு மூன்று விசிறி உள்ளே இழுக்கும். பின்னாலும் மேலே பின்கோடியிலும் உள்ளவை வெளியே தள்ளும். காற்று முன்வாசலில் நுழைந்து, கார்டையும் பிராசஸரையும் தொட்டுக்கொண்டு, கொல்லைப்புறமாகப் போய்விடும். நம் பழைய வீடுகளில் வாசற்கதவையும் கொல்லைக் கதவையும் நேர்க்கோட்டில் வைத்தார்களே, அதேதான். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்த கேபினெட்டை மீன் தொட்டி என்று பையன்கள் செல்லமாகச் சொல்கிறார்கள். அதில் முன்வாசல் கிடையாது. பக்கச் சுவரையோ அடித்தளத்தையோதான் வாசலாக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள், வெயில் ஊரில் இருக்கிறவர்கள், என்னைக் கேட்டால் கம்பி வலையே மேல் என்பேன். என் பிள்ளை ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, முதலில் கண்ணாடிக் கதவைக் கழற்றி ஜமக்காளத்தின்மேல் படுக்க வைத்தோம். இது முக்கியம். அந்தக் கண்ணாடியை நேராக டைல்ஸ் தரையில் விளிம்பு படும்படி வைத்தால் பொலபொலவென்று ஆயிரம் துண்டாகச் சிதறிவிடும். பல வீடுகளில் நடந்திருக்கிறது.

உள்ளே பார்த்தால், ஒரு வருஷத் தூசி! பெட்டியிலிருந்து வெளியே போகும் காற்று அதிகமாகி, உள்ளே வரும் காற்றுக்கு வழி இல்லாவிட்டால், அது கிடைத்த சந்து பொந்திலெல்லாம் புகும். சந்துகளில் தூசி வலை ஏது? பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷால் தட்டி, ஊதியால் ஊதி எடுத்தோம். ஊதும்போது விசிறி இலையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றுப் பட்டு அது கன்னாபின்னாவென்று சுற்றினால் உள்ளே இருக்கும் பேரிங் போய்விடும்.

பிறகு பக்கச் சுவரின் மூன்று விசிறிகளையும் கழற்றித் திருப்பி மாட்டினோம். இப்போது அவை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ரிச்சி தெருவில் வாங்கி வந்த, காந்த விளிம்பு வைத்த தூசி வலை ஒன்றை அவற்றின் வெளிப்பக்கம் ஒட்டினோம். மேலே இருந்த மூன்றில் முன்னால் இருந்த இரண்டைக் கழற்றியே விட்டோம். பிள்ளைக்கு இது துளிக்கூடப் பிடிக்கவில்லை. "இருக்கிற விசிறியைக் குறைத்தால் சூடு குறையுமா?" என்றான். "மேலே முன்கோடியில் நிற்கிறவன் என்ன செய்கிறான் பார். இப்போதுதான் உள்ளே வந்த புதுக்காற்றை, ஒரு வேலையும் செய்வதற்கு முன்பே, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறான்" என்றேன். கழற்றிய இடத்தை இன்னொரு தூசி வலையால் மூடினோம். ஆக, உள்ளே இழுப்பவை மூன்று. வெளியே தள்ளுபவை இரண்டு. வரவு செலவைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் குடும்பத்துக்கு மட்டுமல்ல, கேபினெட்டுக்கும் நல்லது; மிச்சக் காற்று இடுக்குகள் வழியாக வெளியே கசியும், தூசி உள்ளே வராது. அடியில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சொந்த விசிறி உண்டு. அது தரையடியிலிருந்து மூச்சு விடுகிறது. பெட்டியைக் கனத்த கம்பளத்தின்மேல் வைத்திருந்தோம்; எடுத்தோம். மேஜையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம்.

தண்ணீர்க் கூலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஏமாற்று அல்ல. ஆனால் அந்தத் தண்ணீரும் சூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு ரேடியேட்டரில்தான் இறக்குகிறது. அங்கும் விசிறிதான், அதற்கும் காற்றுத்தான். கதவைச் சாத்திய சமையலறையில் அடுப்பை மாற்றி என்ன பிரயோஜனம்?

*

சூட்டுக்கு வழி பிறந்தது. சப்தம்?

இங்கேதான் எனக்கு ஆச்சரியமான ஒரு கணக்குக் கிடைத்தது. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகும். ஆனால் சப்தம் சுமார் 15 டெசிபல் குறைந்துவிடும். பத்து டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குப் பாதிச் சப்தம் போலத் தோன்றும். அதே மாதிரி இரண்டாவது விசிறி ஒன்றைச் சேர்த்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆக, ஒரு விசிறி ஓடிச் செய்கிற வேலையை இரண்டு விசிறிகள் நடந்து செய்தால், காற்று ஏறக்குறைய அதே அளவு. இரைச்சல் 12 டெசிபல் குறைவு. 12 சென்டிமீட்டருக்குப் பதில் 14 சென்டிமீட்டர் விசிறி போட இடமிருந்தால் இன்னும் விசேஷம். பெரிய இலை மெதுவாகச் சுற்றினாலே போதும். மௌனத்துக்குப் பேர்போன ஆஸ்திரியாவின் நாக்டுவா விசிறிகள் வெகு காலம் வரை விளக்கும் மினுக்கும் இல்லாமல், பழுப்பும் பாலேடு நிறமுமாகத்தான் வந்துகொண்டிருந்தன. டிகிரி காபியை நுரையோடு டபராவில் ஊற்றினாற்போல இருக்கும். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பிள்ளை முகத்தைச் சுளித்தான்.

இன்னொரு சங்கதியை என் மாமியார்தான் கண்டுபிடித்தார். அவர் முப்பது வருஷம் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். ரயில் போனால் எழுந்திருக்க மாட்டார். "சத்தம் இருந்தாப் பரவாயில்லைடா குழந்தை. ஒரே மாதிரி இருந்தாத் தூங்கிடுவேன். இது திடீர்னு கத்தறது, அடங்கறது, மறுபடி கத்தறது. எப்போ கத்துமோன்னு காத்துண்டே இருக்க வேண்டியிருக்கு" என்றார்.

அதுவும் உண்மைதான். விசிறிகளின் வேகத்தை மதர்போர்டு பிராசஸரின் சூட்டைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கிறது. பிராசஸரின் சூடோ பால் பொங்குவதுபோல ஒரு கணத்தில் ஏறும், மறுகணம் இறங்கும். அத்தனைக்கும் விசிறி தாளம் போட வேண்டுமா? கம்ப்யூட்டர் துவங்கும்போதே பயாஸ் என்ற இடத்துக்குள் போனால், இத்தனை டிகிரிக்கு இத்தனை வேகம் என்று கோடு போட்டுக் கொடுக்கலாம். சில வினாடி பொறுத்து மாறு என்றும் சொல்லலாம். சாதாரண வேலைக்கு ஒரே நிதானமான வேகம், விளையாட்டில் மெல்ல மெல்ல ஏற்றம் என்று பிள்ளை வகுத்தான். முன்பு நிமிஷத்துக்கு 1,800 சுற்றுச் சுற்றிய விசிறிகள் இப்போது விளையாட்டின் உச்சத்திலும் ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. பின்பக்க விசிறி மட்டும் தகரத்தோடு உரசி லேசாக அதிர்ந்தது. திருகாணிக்குப் பதிலாக ரப்பர் முளை போட்டதும் அடங்கிற்று.

அன்று சாயங்காலம் பரீட்சை. அறையில் வெப்பம் 34 டிகிரி. இரண்டு மணி நேரம் மும்முரமாக விளையாடினான். நான் வெற்றிலைப் பெட்டி போல நோட்டுப் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். 93-ல் நின்ற பிராசஸர் 79-ல் நின்றது. 86 காட்டிய கார்டு 74 காட்டியது. படக்கென்று அணையும் வியாதி போயே போய்விட்டது. மொத்தச் செலவு 640 ரூபாய்.

ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி குளிர்ந்துவிட்டதே, அறையும் குளிரும் என்று நான் அசட்டுத்தனமாக எதிர்பார்த்தேன். குளிரவில்லை. அந்த 300 வாட் சூடு பெட்டியை விட்டுச் சௌகரியமாக வெளியே வந்து அறையில் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு அறையின் ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. இந்த வீட்டில் எந்த விஷயம் ஆரம்பித்தாலும் கடைசியில் ஜன்னலில்தான் வந்து நிற்கிறது.

பிள்ளைக்கு ஒரு குறை பாக்கி. திருப்பி மாட்டிய மூன்று விசிறிகளின் முதுகுதான் இப்போது கண்ணாடி வழியே தெரிகிறது. நாலு கைகளுக்குப் பின்னால் விளக்கு மங்கலாக எரிகிறது. முதுகே முகமாக இருக்கும்படி, இலையை எதிர்த்திசையில் வளைத்துச் செய்த விசிறிகள் கடையில் கிடைக்கின்றனவாம். தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

பரண்மேல் இருந்த பெட்டி பரண்மேலேயே இருக்கிறது. போன வாரம் ராத்திரி இரண்டு மணி இருக்கும், மாமியார் என்னை வந்து எழுப்பினார்.

"என்னம்மா, மறுபடியும் சத்தமா?" என்று பதறிக்கொண்டு எழுந்தேன்.

"சத்தமே இல்லையே, அதான் சொல்ல வந்தேன். முன்னெல்லாம் அவன் எத்தனை மணிக்கு நிறுத்தறான்னு எனக்குத் தெரியும். இப்போ தூங்கறான்னு நெனைச்சுண்டு திரையை விலக்கினா, உட்கார்ந்து விளையாடிண்டிருக்கான்!"